பாராமகாலின் பாறைகளும் ஆங்கிலேயரின் நிலக்காட்சியும்

தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் ராயக்கோட்டை மலையைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது. சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை அது. சேலம் - பெங்களூரு ரயில் பாதையும் அதை ஒட்டித்தான் செல்கிறது. சிறுவயதிலிருந்தே அந்த மலையை ஜன்னலோரத்தில் பார்த்து வந்தவன் நான். வெயிலில் காய்ந்து, உச்சியில் கோட்டைச் சுவரின் மிச்சங்களைச் சுமந்துகொண்டு, எவரையும் பொருட்படுத்தாமல் கிடக்கும் கருங்கல் திரள். அதை அழகானது என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ராயக்கோட்டை வந்துவிட்டால் ஊர் நெருங்குகிறது என்று பொருள், அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியர்களின் 'ஓரியன்டல் சீனரி' படத்தொகுதியின் மறுபதிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே மலையை மீண்டும் கண்டேன். பாராமகாலில் உள்ள ராயக்கோட்டை என்று கீழே அச்சிட்டிருந்தது. ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிழையாக வரையப்பட்டிருந்ததனால் அல்ல. டேனியல்கள் அளவிலும் வடிவிலும் மிகக் கறாரானவர்கள். மலை அதுவேதான். ஆனால் அதன்மேல் விழுந்திருந்த ஒளி வேறெங்கிருந்தோ வந்ததாக இருந்தது. எங்கள் ஊர் வெயிலைக் கழுவித் துடைத்து, இங்கிலாந்தின் பிற்பகலொன்றை அங்கே வைத்திருந்தார்கள். அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் படித்த வர்க்கம் தன் சொந்த நாட்டைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அதுவரை மலை என்பது பயணத்துக்கு இடையூறு. காடு என்பது கொள்ளையரின் இடம். 1757இல் எட்மண்ட் பர்க் அழகையும், அச்சம் கலந்த பிரமிப்பையும் வேறுபடுத்தி எழுதினார். வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை நதியில் படகில் சென்று, எந்த வளைவில் எந்தக் காட்சி ஓர் ஓவியத்துக்குரிய லட்சணங்களோடு அமைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1782இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு தலைமுறைக்குச் சுற்றுலாக் கையேடாயிற்று. இடிந்த கோட்டை, முறிந்த மரம், தொலைவில் நீலம் பூசிய மலை, முன்புறத்தில் ஓரிரு சிற்றுருவங்கள். இவை பொருந்தி வந்தால் அது 'பிக்சரெஸ்க்', ஓவியத்தகைமை கொண்ட காட்சி.

இந்த மோகத்தின் உச்சம் 'கிளாட் கண்ணாடி' எனப்பட்ட ஒரு கருவி. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேனின் பெயரைத் தாங்கிய, கருமை பூசிய குவிந்த சிறு ஆடி. பயணி இயற்கைக் காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையிலுள்ள ஆடியில் அது ஓர் ஓவியமாகச் சுருங்கித் தெரிவதை ரசிக்க வேண்டும். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் ஏரி மாவட்டத்தில் இப்படி ஆடியைப் பார்த்துக்கொண்டே நடந்து, விழுந்து, விரல் முட்டிகளைச் சிராய்த்துக்கொண்டார். நிலத்தைப் பார்ப்பதற்காக நிலத்துக்கு முதுகைத் திருப்புவது என்ற இந்தச் செயல் வேடிக்கையாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நம் ஊருக்கு வந்த கண்களும் அந்த ஆடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தன.

டேனியல்கள் வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். சிறிய தந்தையும் அண்ணன் மகனுமான இவ்விருவரும் 1786இல் கல்கத்தாவுக்கு வந்து வடஇந்தியா முழுவதும் சுற்றி வரைந்தவர்கள். 1792 மார்ச்சில் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றை அடுத்த பகுதிகளும் சேர்ந்ததே அன்றைய பாராமகால். அடுத்த மாதமே டேனியல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டு வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் வரை சென்றார்கள். பின் அங்கிருந்து ராயக்கோட்டை, சங்ககிரி, மதுரை என்று இறங்கிக் குமரிமுனை வரை போனார்கள். கையில் கேமரா அப்ஸ்க்யூரா எனப்படும் இருட்பெட்டி இருந்தது. வெளிக்காட்சியைத் தாளில் விழச்செய்து கோடிழுக்க உதவும் பெட்டி. ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம், ஓசூர் எல்லாம் அந்தத் தாளில் விழுந்தன. 1793இல் சென்னையில் தம் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு லண்டன் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த 144 அக்வாடின்ட் அச்சுப் படங்களில் எங்கள் மலைகளும் இடம்பெற்றன.

அவர்கள் மட்டுமல்ல. காரன்வாலிஸின் படையோடு சென்ற ஓவியர் ராபர்ட் ஹோம், படை அதிகாரிகளான காலின்புரூக், அலெக்சாண்டர் ஆலன், ஜேம்ஸ் ஹன்டர் என்று ஒரு வரிசையே மைசூர் நாட்டு மலைக்கோட்டைகளை வரைந்து, லண்டனில் படநூல்களாக வெளியிட்டது. அன்றைய ராணுவ அதிகாரிக்கு நிலத்தை வரையக் கற்பது பயிற்சியின் ஒரு பகுதி. எந்தச் சரிவில் பீரங்கி ஏறும் என்று கணக்கிட்ட கையே அந்தச் சரிவின் அழகையும் தீட்டியது. போர்ச் செய்தியில் இந்தப் பெயர்களைப் படித்திருந்த லண்டன்வாசிகளிடம் படங்களும் விலைபோயின. இந்தியாவுக்கே வராத டர்னர்கூட ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை 1800 வாக்கில் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். பிறர் வரைந்த குறிப்புகளைக்கொண்டுதான்.

*

இனி அந்தப் படங்களில் இல்லாதவற்றைப் பார்ப்போம்.

1791 ஜூலையில் ராயக்கோட்டையை மேஜர் கௌடியின் படை பிடித்தது. அக்டோபர் இறுதியில் பென்னாகரம் கோட்டை மாக்ஸ்வெல்லின் படையிடம் வீழ்ந்தபோது காவலிலிருந்தோர் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நவம்பரில் அதே மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைமேல் ஏற முயன்று, மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளால் தோற்றுத் திரும்பினார். இரு பக்கப் படைகளும் மாறிமாறி நடந்த தடத்தில் பயிர் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். டேனியல்கள் இந்த வழியாக வந்தது சில மாதங்களுக்குள். ஆனால் அவர்களுடைய பாராமகால் ஆழ்ந்த அமைதியில் உறைந்திருக்கிறது. கோட்டைகள் நேற்று வீழ்ந்தவையாக அல்லாமல், காலங்காலமாகவே இடிந்து கிடப்பவையாகத் தோன்றுகின்றன. மனிதர்கள் மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக நிற்கிறார்கள்.

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். காலனியக் கண் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் இதே மௌனத்தை அந்த அழகியல் தன் சொந்த மண்ணிலும் கடைப்பிடித்திருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலையில் வை நதிக்கரையில் டின்டர்ன் மடாலயத்துக்குச் சற்று மேலே நின்று எழுதிய புகழ்பெற்ற கவிதையில் மடாலயத்தின் இடிபாட்டில் ஒண்டியிருந்த பிச்சைக்காரர்கள் இல்லை. பக்கத்து இரும்பாலைகளின் கரியும் இல்லை. 1980களில் மார்ஜரி லெவின்சன் முதலிய விமர்சகர்கள் இதைச் சுட்டியபோது ஆங்கில இலக்கிய உலகில் பெரிய விவாதமே நடந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களின் அழகிய வெறுமையைப் பற்றி வால்டர் ஸ்காட்டின் வாசகர்கள் பரவசப்பட்ட அதே ஆண்டுகளில்தான், ஆட்டுப் பண்ணைகளுக்காகச் சதர்லாண்டின் குடியானவர்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வெறுமை அங்கே இயற்கையானதல்ல.

எனவே டேனியல்கள் நமக்கென்று தனியாக ஒரு கண்ணைக் கொண்டுவரவில்லை. தம் ஊரை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் பாராமகாலையும் பார்த்தார்கள்.

*

இதற்கு ஒரு நேரடிச் சான்றே உண்டு. இளையவர் வில்லியம் டேனியல் 1813இல், ரிச்சர்ட் ஆய்ட்டன் என்ற எழுத்தாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து பிரிட்டனின் கடற்கரையைச் சுற்றி வரப் புறப்பட்டார். இடையிடையே நின்றும் தொடர்ந்தும் நடந்த அந்தப் பயணத்தின் விளைவு, 1814 முதல் 1825 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'எ வாயேஜ் ரவுண்ட் கிரேட் பிரிட்டன்'. மொத்தம் 308 படங்கள். பிரிட்டிஷ் கடற்கரை இவ்வளவு முழுமையாக அதற்கு முன் வரையப்பட்டதில்லை. ராயக்கோட்டையில் பழகிய கைதான் அதைச் செய்தது என்பதை ஆங்கிலேயரும் அதிகம் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. பாறையை எப்படி எடையோடு நிறுத்துவது, வெளிச்சம் படும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒரே மங்கிய நிறத்தின் படிநிலைகளால் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் அவர் பழகிய இடங்களில் எங்கள் கருங்கல் மலைகளும் அடக்கம்.

அவர் வரைந்தவற்றுள் ஸ்டாஃபா தீவு தனித்துச் சொல்லத்தக்கது. கடலிலிருந்து நேராக எழும் அறுகோண எரிமலைப் பாறைத் தூண்கள். நடுவே ஃபிங்கால் குகை. 1818இல் அந்தத் தீவுக்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1829 ஆகஸ்டில், இருபது வயது மெண்டல்சோன் அங்கே போனார். அந்தக் குகைதான் 'ஹெப்ரிடீஸ்' இசைக்கோவையைத் தந்தது என்பது மரபான கதை. உண்மையில் அதன் தொடக்க இசைவரிகளை அவர் வீட்டுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் தேதி, அவர் ஸ்டாஃபாவில் இறங்கியதற்கு முந்தைய நாள். குகையைக் காணும் முன்பே அந்தக் கடலும் தீவுகளும் அவருக்குள் இசையாகிவிட்டிருந்தன. 1832இல் லண்டனில் அது முதன்முறை இசைக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே நகரில், டர்னரின் ஸ்டாஃபா ஓவியமும் காட்சிக்கு வைக்கப்பட்டது. டேனியல் கல்லை வரைந்த இடத்தில் டர்னர் புகையையும் அலையையும் வரைந்தார். கல் அதில் கரைந்துபோயிற்று.

1822இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினர் தேர்தலில் வில்லியம் டேனியல் வென்றார், தோற்றவர் கான்ஸ்டபிள். ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி வரைந்தவரை அகாதெமி தேர்ந்தெடுத்தது. தான் பிறந்த ஸ்டோர் நதியின் சில மைல் கரையையே வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வரைந்தவரைக் காத்திருக்க வைத்தது. 'தி ஹே வெயின்' அதற்கு முந்தைய ஆண்டே காட்சிக்கு வந்துவிட்டது. இன்று யாருடைய பெயர் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டனின் நிலக்காட்சிக் கலை பயணிகளின் கண்ணோடு நின்றுவிடவில்லை. அந்தக் கண்ணுக்கு மண்ணுக்குள்ளிருந்து மறுமொழி வந்தது. நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்த ஜான் கிளேர் ஒரு விவசாயக் கூலி. 1809ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய ஊரின் பொது மேய்ச்சல் நிலத்தை வேலிகட்டிப் பங்கிட்டது. தான் ஆடுமாடுகளோடு திரிந்த வெளி கண்முன்னே துண்டு துண்டாவதை அவர் பறவைக் கூடுகளின் பெயரோடும் வட்டாரச் சொற்களோடும் எழுதினார். அவருக்கு அது 'காட்சி' அல்ல. யார்க்‌ஷயர் புல்வெளி மேட்டை எமிலி பிராண்டி 1847இல் எழுதியதும், ஹார்டி வெஸ்ஸெக்ஸை எழுதியதும் இந்த வரிசைதான். இசையிலும் அப்படியே. மால்வெர்ன் குன்றுகளின் அருகே பிறந்து வளர்ந்த எல்கர் ஒரு பக்கம். 1905இல் கிங்ஸ் லின் துறைமுகத்து மீனவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து 'நார்ஃபக் ராப்ஸடி'களை அமைத்த வான் வில்லியம்ஸ் மறுபக்கம். நிலத்திலிருந்து எழுந்தது வெறும் காட்சியாக அல்ல, அங்கே வாழ்ந்தவர்களின் குரலாக.

*

பாராமகாலுக்கு அப்படி ஒரு மறுமொழி வந்ததா?

அதற்கு முன், இங்கே வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரை, சரியாகச் சொன்னால் ஒரு ஸ்காட்லாந்துக்காரரைச் சொல்லிவிட வேண்டும். 1792இல் பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநர், ரயத்துவாரி முறையின் தந்தை, சென்னைத் தீவுத்திடலருகே 1839 முதல் குதிரைமேல் வீற்றிருக்கும் வெண்கலச் சிலை. 1799 வரை ஏழாண்டுகள் அவர் இப்பகுதியில், பெரிதும் தருமபுரியில் இருந்தார். ஊர் ஊராகக் கூடாரமடித்து நிலத்தை அளந்தார். தருமபுரியில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். அவருடைய கடிதங்கள் 1830இல் கிளெய்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அச்சேறியிருக்கின்றன. டேனியல்களின் படங்களில் காணாத ஒன்றை அவற்றில் காணலாம்: இந்த மண்ணில் நெடுநாள் இருந்ததனால் விளைந்த பற்று. 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபோது அவர் மனமின்றித்தான் போனார்.

ஆனால் அவருடைய உள்மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது காவிரியோ தென்பெண்ணையோ அல்ல. கிளாஸ்கோவுக்கு வெளியே, தன் குடும்பத்தின் நார்த்சைட் வீட்டையொட்டி ஓடிய சிறிய கெல்வின் ஆறு. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து 1808இல் ஊர் திரும்பியவர் அந்த ஆற்றங்கரையில் தனியே அலைந்ததைத் தன் சகோதரிக்கு எழுதினார். மழை விடாமல் பெய்திருக்கிறது. உதிர்ந்த இலைகள் சுற்றிலும் விழ, ஒரு சிற்றணையின் மேல் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றிருக்கிறார், போன நாட்களை நினைத்தபடி. படித்தவர்கள் எவரும் மறக்க முடியாத கடிதம் அது. ஒரு நிலம் ஒருவனுக்குள் எப்படிக் குடியிருக்கும் என்பதை அவ்வளவு சில வரிகளில் காட்டியவர், தருமபுரியை ஏழாண்டுகள் அளந்தவர். அவருக்கு உள்நிலம் ஒன்று இருந்தது. அது வேறெங்கோ இருந்தது.

*

தருமபுரியின் பழைய பெயர் தகடூர் என்பதைக் கல்வெட்டுகள் உறுதி செய்கின்றன. சங்க காலத்தில் இது அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவனைப் பெயர் சொல்லியே குறிப்பிட, அவன் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்லன், வரலாற்று மனிதன் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. அவனைப் பாடியவர்களில் முதன்மையானவர் ஔவையார்.

ஔவையின் புறப்பாடல்களை நாம் பொதுவாக நட்பு, கொடை, வீரம் என்று மூன்று தலைப்புகளில் பள்ளியிலேயே படித்து முடித்துவிடுகிறோம். அவற்றை நிலத்தின் பாடல்களாக எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நெல்லிக்கனிப் பாடலை (புறம் 91) எடுத்துக்கொள்ளுங்கள். சாவைத் தள்ளிப்போடும் கனியை அரசன் தான் உண்ணாமல் புலவருக்குத் தந்தான் என்பதே நமக்கு நினைவிருக்கிறது. அந்தக் கனி எங்கிருந்து வந்தது என்பதையும் ஔவை சொல்கிறார்: பழம்பெரும் மலையொன்றின் வெடிப்புக்குள், ஏறிச்செல்ல அரிதான உயரத்தில் காய்த்தது அது. இந்தப் பகுதியின் பாறை மலைகளில் ஏறியவர்களுக்கு இந்த இடம் தெரியும். வெயிலில் பிளந்த கல்லிடுக்கில் சிறிது மண் சேர்ந்து, அதில் ஒரு செடி வேர்பிடித்து நிற்கும். டேனியல் தொலைவிலிருந்து மலையின் விளிம்புக்கோட்டைத் துல்லியமாக வரைந்தார். ஔவையின் வரியில் இருப்பது மலையின் விரிசல்.

சங்கக் கவிதையில் நிலம் பின்திரையாக வருவதில்லை என்பதை நாம் அறிவோம். முதல், கரு, உரி என்ற பகுப்பில் இடமும் பொழுதும், அங்குள்ள உயிர்களும், அங்கு நிகழும் உணர்வும் ஒன்றோடொன்று பின்னியவை. 1967இல் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றபோது 'உள்ளேயிருக்கும் நிலக்காட்சி' என்ற பொருள்பட நூலுக்குப் பெயரிட்டதும் இதனால்தான். வேர்ட்ஸ்வொர்த் டின்டர்னில் தட்டுத்தடுமாறித் தொட்ட ஓர் இடத்திலிருந்து இங்கே இலக்கணமே தொடங்குகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வழிமுறை வேறு என்பதற்காகச் சொல்கிறேன். இந்த மரபில் நிலத்துக்கு முதுகைத் திருப்பி ஆடியில் பார்ப்பதற்கு இடமே இல்லை. பார்ப்பவனும் கருப்பொருள்களோடு ஒருவனாக உள்ளேதான் நிற்கிறான்.

தகடூரும் போரில்தான் அழிந்தது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை அழித்ததை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியிருக்கிறார். அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. இன்று அது முழுதாக இல்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் சிதறிய பாடல்களே எஞ்சியிருக்கின்றன. பாராமகாலின் 1791ஐ வரைந்த செப்புத்தகட்டுப் படங்கள் உலக நூலகங்களிலெல்லாம் பத்திரமாக இருக்க, தகடூரின் போரை உள்ளிருந்து சொன்ன நூல் செல்லரித்துப் போயிற்று என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதியமான் இறந்தபின் ஔவை பாடிய பாடல் (புறம் 232) மிச்சமிருக்கிறது. அவனுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் நாரால் அரித்த கள்ளை உகுக்கிறார்கள். அதைப் பார்த்து ஔவை கேட்கிறார்: உயர்ந்த சிகரங்கள் நிறைந்த மலைநாட்டை முழுவதுமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான்?

ஒரு தட்டில் மலைகள் அனைத்தும். மறுதட்டில் ஒரு கல்லும் ஒரு கலமும். மலைநாடு இந்தப் பாடலில் ஒருமுறைதான் வருகிறது, அதுவும் அவன் வேண்டாமென்று சொன்ன பொருளாக. ஆனாலும் அந்தச் சிகரங்கள் நம் மனத்திலிருந்து நீங்குவதில்லை. நிலத்தை வர்ணிக்காமலே அதன் முழு எடையையும் ஒரு மனிதனின் இன்மையில் ஏற்றிவைக்கும் இத்தகைய செயலை நான் ஆங்கிலத்தின் இயற்கைக் கவிதைகளில் அதிகம் கண்டதில்லை. கிளேரிடம் சில இடங்களில் இருக்கிறது.

அந்த நடுகல் மரபு பாட்டோடு முடியவுமில்லை. தருமபுரி, செங்கம் பகுதிகள் தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த இடங்கள். 1972இல் தொல்லியல் துறை நாகசாமியின் பதிப்பில் 'செங்கம் நடுகற்க'ளை வெளியிட்டது. தருமபுரிக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1975இல் வந்தது. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் இறந்தவர்கள், ஊருக்காக வீழ்ந்தவர்கள் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயரும் ஒரு நிகழ்ச்சியும் இருக்கிறது. பல்லவர் காலத்தில் வட்டெழுத்தில் வெட்டியவை பல. வில்லை வளைத்துக்கொண்டு, இடுப்பில் குறுவாளோடு, உடலில் அம்பு தைக்க நிற்கும் உருவங்கள். மலையின் துண்டொன்றை எடுத்து, மலையடியில் இறந்தவனை அதில் வைத்து, அவன் விழுந்த மண்ணிலேயே நட்டுவிடுகிறார்கள். டேனியல்களின் படத்தில் அளவுகோலாக நின்ற சிற்றுருவம் இங்கே கல்லை நிறைத்து நிற்கிறது. பின்னால் மலை வரையப்படவில்லை, அந்தக் கல்லே மலைதான். பிரிட்டனின் ஓவியர்களும் இசைஞர்களும் பாராமகாலுக்குத் தராத மறுமொழி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வயல்வரப்புகளில் நின்றுகொண்டிருந்தது. ரீட், மன்றோவின் நில அளவைச் சங்கிலிகள் அவற்றினூடாகத்தான் போயிருக்க வேண்டும்.

*

பள்ளியில் எங்களுக்கு டாஃபடில் மலர்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை பாடமாக இருந்தது. எங்கள் ஆசிரியர் உட்பட வகுப்பில் எவரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. மஞ்சள் நிறம் என்று தெரிந்ததால் ஆவாரம்பூவைப் போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஆவாரை பூத்துக் கிடந்தது. அதையும் ஒருவர் பாடலாம் என்று அன்று தோன்றவில்லை. சங்கப்பாடலொன்றில் அது ஏற்கெனவே பூத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று.

கவிதை ஒரு நிலத்தைக் காப்பாற்றவும் செய்யும் என்பதற்கு அந்த டாஃபடில் மலர்ந்த ஏரி மாவட்டமே சான்று. வேர்ட்ஸ்வொர்த்தின் வாசகர்கள் வளர்த்த உணர்விலிருந்துதான் 1895இல் நேஷனல் டிரஸ்ட் பிறந்தது. 1943இல் இறந்த குழந்தைக் கதை ஆசிரியர் பியாட்ரிக்ஸ் பாட்டர் நாலாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அதற்கு எழுதிவைத்தார். 1951இல் அது தேசியப் பூங்கா. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே ஒரு குன்றை உடைக்க வேண்டுமென்றால், ஒரு கவிஞரின் வாசகர்கள் அனைவரையும் தாண்டிப் போகவேண்டும்.

பழைய தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரியைத் தனியே விட்டது. ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். மலைமேலுள்ள கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறது. பெயரில்லாத குன்றுகளுக்கு அந்த வாய்ப்பில்லை. இரு மாவட்டங்களிலும் கருங்கல் குவாரிகள் பாதியாக அறுத்துவிட்ட குன்றுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மெருகேற்றிய பாளங்களாக அவை கடல் கடந்து போகின்றன.

சென்ற ஆண்டு அரூர்ப் பக்கம் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வயலோரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லைக் காட்டினார்கள். வில்லேந்திய வீரன். எழுத்துகள் தேய்ந்திருந்தன. வேடியப்பன் என்றார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முன்னால் ஒரு சிறு மண்கலயம் வைத்திருந்தது. கலயத்தில் என்ன ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். முன்பெல்லாம் கள் வைப்பதுண்டு, இப்போது தண்ணீர்தான் என்றார் அந்த வீட்டுப் பாட்டி.